ஈயக்குண்டும் குருவிக்காரர்களும்: ஒரு சட்டத்தின் மௌனம்

1

பொம்மையார்பாளையத்துக் கரையில், கடல் தின்றது போக மிச்சமிருக்கிற மணலில், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஈயத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். வலையின் மேல்கயிற்றில் மிதவை, அடிக்கயிற்றில் ஈயம். ஈயம் இல்லாவிட்டால் வலை தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்காது. நைந்துபோன வலையிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்துப் புதுவலையில் கட்டிக்கொள்வார்கள். "மீனு போனாலும் போவுது, ஈயத்த வுட்டுற முடியுமா தம்பி? வெல என்னான்னு தெரியுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "முன்னல்லாம் நரிக்கொறவங்க வந்து கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. உருக்கிக் குருவி சுடறதுக்கு. இப்பல்லாம் பாசிமணி விக்கிறவங்கதான் வர்றாங்க. துப்பாக்கியக் காணோம்."

இந்தப் பேச்சில் ஒரு வரலாறு இருக்கிறது. கடலில் வலையைத் தாழ்த்திய ஈயம் கரையேறி, உருகி, சிறு குண்டாகி, வடக்கே கழுவேலி ஏரியின் சேற்றில் போய் விழுந்த வரலாறு. அந்த ஈயம் இன்னும் அங்கேதான் கிடக்கும். ஈயம் மக்குவதில்லை. சுட்டவரைப் பற்றி நம்மிடம் சட்டம் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, பத்திரிகைச் செய்தி இருக்கிறது, சினிமா நகைச்சுவைகூட இருக்கிறது. சுட்ட குண்டைப் பற்றி என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இந்த 'ஒன்றுமில்லை' எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வானூர், மரக்காணம் வட்டங்களில் விரிந்து கிடக்கிற கழுவேலி, தென்னிந்தியாவின் பெரிய நீர்நிலைகளில் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். கோடையில் வற்றி மாடு மேயும். உப்பங்கழி வழியே கடலோடு தொடர்பும் உண்டு. மழைக்காலம் முடியும்போது வடக்கிலிருந்து கிளுவையும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் வந்திறங்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல காரியம்தான், அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு நிலத்தைச் 'சரணாலயம்' என்று பெயரிடும்போது, அதற்கு முன்பு அங்கே நடந்தவை அனைத்தும் ஒரே சொல்லில் 'திருட்டு வேட்டை' ஆகிவிடுகின்றன. வரலாறு குற்றப்பத்திரிகையாகச் சுருங்குகிற இடம் இது.

2

முதலில் ஈயத்தைப் பார்ப்போம். அது விஷம் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

வாத்துக்குப் பல் கிடையாது. விதையை அரைக்க அது சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்கிறது. ஏரிச் சேற்றில் கிடக்கிற ஈயக்குண்டு அதன் அலகுக்குக் கல்லாகவோ விதையாகவோ படுகிறது. உள்ளே போன குண்டு கல்லோடு சேர்ந்து அரைபடுகிறது, அமிலத்தில் கரைகிறது, ரத்தத்தில் கலக்கிறது. இறக்கை தொங்கிப்போய், தின்ன முடியாமல், மெலிந்து சாகிறது பறவை. ஒன்றிரண்டு குண்டுகளே போதும். ஆக, ஒரு துப்பாக்கி இரண்டுமுறை கொல்கிறது: வெடிக்கும்போது ஒருமுறை, குறி தவறிய குண்டுகளால் பல ஆண்டுகள் கழித்து இன்னொருமுறை. ஒரு சாதாரண பன்னிரண்டு போர் தோட்டாவில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள். பறவையின் உடலில் தைப்பவை நாலைந்து. மிச்சம் எல்லாம் ஏரிக்கு.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1894இலேயே வேட்டைக்காரர்களின் பத்திரிகையில் இதை எழுதினார். 1959இல் ஃபிராங்க் பெல்ரோஸ், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுதோறும் ஈய விஷத்தால் சாகின்றன என்று கணக்கிட்டார். ஆனாலும் சட்டம் அசையவில்லை. குண்டடிபட்ட வாத்தைத் தின்ற வெண்தலைக் கழுகு, அதாவது அந்நாட்டின் தேசியச் சின்னம், சாகிறது என்ற வாதம் நீதிமன்றம் ஏறிய பிறகுதான் 1986இல் முடிவெடுத்து, படிப்படியாக 1991இல் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டைத் தடை செய்தார்கள். நெதர்லாந்து 1993, டென்மார்க் 1996, இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளுக்கு 1999. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரியில் தடை அமலுக்கு வந்தது. 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு ஏறக்குறைய எல்லா ஈயக்குண்டுக்கும் தடை என்று அறிவித்து, மூன்றாண்டு மாற்றுக் காலமும் கொடுத்தது.

இந்த 'மாற்றுக் காலம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். யாருக்காக அது? பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காக. ஈயத்துக்குப் பதில் வைக்கப்பட்டது இரும்புக்குண்டு. ஈயம் மிருதுவானது, குழாய்க்குள் நசுங்கிக் கொடுக்கும். இரும்பு கொடுக்காது. மெல்லிய குழாயைக் கீறும்; வாய்ப்பக்கம் குறுகலாக அமைந்த குழாயை வீங்கச் செய்யும். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி அடித்துச் செய்த பத்தொன்பதாம் நூற்றாண்டு 'டமாஸ்கஸ்' குழாய்களுக்கு அது ஆகவே ஆகாது. இரும்பு ஈயத்தைவிட லேசு என்பதால் வேகமும் சீக்கிரம் குறையும். பிஸ்மத் என்றொரு உலோகம் மிருதுவானது, பழைய துப்பாக்கிக்கும் பொருந்தும், ஆனால் விலை பல மடங்கு. எனவே விவாதம் நடந்தது: தாத்தாவின் துப்பாக்கியை என்ன செய்வது? சோதனைச் சாலைகள் பழைய துப்பாக்கிகளைப் பரிசோதித்து முத்திரை குத்தின. வேட்டைச் சங்கங்கள் மேசையில் உட்கார்ந்து பேரம் பேசின. தோட்டாக் கம்பெனிகள் புதுச்சரக்கு கொண்டுவந்தன.

எல்லோரும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்தார்களா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் சட்டம் வந்து பத்தாண்டு கழித்துச் சந்தையில் வாங்கிய வாத்துகளைப் பரிசோதித்தபோது, பத்துக்கு ஏழு ஈயக்குண்டால் சுடப்பட்டவை. நிலக்கிழார்களும் வங்கி முதலாளிகளும் பட்டப்பகலில் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் 'குற்றப் பரம்பரை' என்று எழுதவில்லை. 'பழக்கம் மாற நாளாகும்' என்றார்கள்.

அங்கே சட்டம் கேட்ட கேள்வி: நீ எதை வைத்துச் சுடுகிறாய்?

இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் கேள்வி வேறாகத்தான் இருந்தது. 1671 முதல் 1831 வரை, ஆண்டுக்கு நூறு பவுண்டு வருமானம் தரும் நிலம் இருப்பவன் போன்ற சிலர்தான் வேட்டையாடலாம் என்பது சட்டம். 1723இன் கறுப்புச் சட்டத்தில், முகத்தில் கரி பூசி மான் சுட்டவனுக்குத் தூக்கு. இ.பி. தாம்ப்சன் 1975இல் எழுதிய 'விக்குகளும் வேட்டையர்களும்' இந்த வர்க்க வன்முறையைத்தான் தோண்டி எடுத்தது. அங்கே சட்டம் 'நீ யார்?' என்பதிலிருந்து 'எதை வைத்து?' என்பதற்கு நகர நூறு நூற்றைம்பது ஆண்டு ஆனது. 'நீ யார்?' என்ற கேள்வி அதற்குள் கப்பலேறி நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

3

நம் பக்கத்தில் பறவை சுட்டவர் யார் என்று வரலாற்றைக் கேட்டால் அது கூச்சமில்லாமல் பதில் சொல்கிறது. வேடந்தாங்கல் மக்கள் 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டது நரிக்குறவர்களைப் பற்றி அல்ல. தங்கள் ஏரிப் பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். கலெக்டர் எழுதிக்கொடுத்தார், 1858இல் அதைப் புதுப்பித்தார்கள். இந்தியாவின் பழைய பறவைப் பாதுகாப்பு ஆவணங்களில் ஒன்று துப்பாக்கி ஏந்திய அரசுக்கு எதிராக உழவர்கள் வாங்கியது. இதை நம் பாடப்புத்தகம் 'ஆங்கிலேயர் பறவைகளைக் காத்த கதை' என்று சொல்லாமல் இருந்தால் சரி.

1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு நடத்திய வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. அந்த எண்ணைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தோட்டாவில் சுமார் 30 கிராம் ஈயம். ஒரு தோட்டாவுக்கு ஒரு பறவை என்றே வைத்துக்கொண்டாலும் (அவ்வளவு குறிகாரர்கள் யாரும் இல்லை) ஒரே நாளில் 128 கிலோ ஈயம் அந்த ஏரிக்குள் போயிருக்கிறது. கல்வெட்டில் பறவைக் கணக்கு இருக்கிறது, பிரபுவின் பெயர் இருக்கிறது. ஈயக் கணக்கு இல்லை. கழுவேலியின் ஒரு குருவிக்காரர் தம் ஆயுளுக்கும் சுட்டாலும் 128 கிலோவை எட்டியிருப்பாரா? அவர் கையில் இருந்தது ஒற்றைக்குழல். ஒவ்வொரு வெடிக்கும் கரிமருந்து போட்டு, நார் திணித்து, கம்பியால் இடித்து, குண்டு போட்டு, மறுபடி இடித்து, கேப்பு வைத்து... அதற்குள் பறவைக் கூட்டம் எழும்பிப் போய்விடும். ஈயம் காசு கொடுத்து வாங்கியது, வீணாக்க முடியாது. வறுமையே அங்கே ஒரு கட்டுப்பாடாக இருந்தது.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முழுதாகத் தடுக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டோம். சிறுவேட்டை, பெருவேட்டை என்று உரிமங்கள் இருந்தன. கூடவே நிபந்தனைகள்: ஓடும் வண்டியிலிருந்து சுடாதே, விளக்கடித்துச் சுடாதே, வலையோ கண்ணியோ விஷமோ வைக்காதே. இது துரைமார்களின் 'ஸ்போர்ட்ஸ்மேன்' நெறி. வயிற்றுக்காகக் கண்ணி வைப்பது கீழ்மை. விளையாட்டுக்காகச் சுடுவது கண்ணியம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விஷம் வைக்காதே என்று எழுதிய சட்டத்துக்கு, குண்டே விஷம் என்பது தெரியவில்லை.

பிறகு 1991இல் திருத்தம் வந்தது. உரிமங்கள் ஒழிந்தன, வேட்டை மொத்தமாகக் குற்றமானது. அமெரிக்கா ஈயக்குண்டைத் தடை செய்து முடித்த அதே ஆண்டு. அங்கே குண்டை மாற்றச் சொன்னார்கள், இங்கே ஆளையே மாறச் சொன்னார்கள். அங்கே மாற்றுக் காலம், மாற்றுக் குண்டு, துப்பாக்கிப் பரிசோதனை. இங்கே மாற்று என்ன? ஊசி, பாசிமணி, பஸ் ஸ்டாண்டு.

வேட்டையை முழுதாகத் தடுத்துவிட்டால் ஈயப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது என்று யாரேனும் சொல்லலாம். பாதி உண்மை. புதுக்குண்டு விழுவது குறையும்; ஏற்கெனவே விழுந்தது எங்கே போகும்? வேட்டைச் சட்டத்தில் ஈயக்குண்டு என்றொரு சொல்லே இல்லாதபோது, சேற்றைத் தோண்டி அளக்கும் கடமையும் யாருக்கும் இல்லை. பெட்ரோலிலிருந்து ஈயத்தை 2000இல் நீக்கினோம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்து 2016இல் விதி செய்தோம். காரோட்டிகளின் ஈயமும் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர்களின் ஈயமும் அரசின் கண்ணுக்குத் தெரிந்தன. குருவிக்காரரின் ஈயம் மட்டும் தெரியவில்லை, ஏனெனில் அங்கே கண் குருவிக்காரர் மீதே இருந்தது.

4

துப்பாக்கிக்கு வருவோம். 1878இன் ஆயுதச் சட்டம் 'சுதேசி'களை உரிமம் கேட்டு நிற்கவைத்து, ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959இல் புதுச்சட்டம். ஐரோப்பா எப்போதோ தூக்கிப்போட்ட, வாய்வழி மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி நம் உரிமக் காகிதங்களில் 'எஸ்.பி.எம்.எல்.' என்ற நாலெழுத்தாக இன்றும் வாழ்கிறது. நரிக்குறவர்களில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருந்தது இதைத்தான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் 'கள்ளத் துப்பாக்கி'.

ஆனால் இதே நாட்டில் குடகுக்குப் போனால் கதை வேறு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் வாங்குவதிலிருந்தே விலக்கு. வெள்ளையர் 1861இல் கொடுத்தது. சுதந்திர இந்தியாவும் தொடர்ந்தது. 2019இல் மேலும் பத்தாண்டுக்கு, 2029 வரை நீட்டித்தார்கள். அது அவர்களின் பண்பாடு, துப்பாக்கிக்குப் பூசை போடும் திருவிழாவே உண்டு என்பது நியாயம். பண்பாடு என்று சொல்ல நிலம் வேண்டும், ராணுவத்தில் பெயர் வேண்டும். இரண்டும் இல்லாதவனின் துப்பாக்கி பண்பாடு ஆவதில்லை. தொண்டிப் பொருள் ஆகிறது. இங்கிலாந்தில் தாத்தாவின் துப்பாக்கி பாரம்பரியம், குடகில் தெய்வம், திண்டிவனம் ரோட்டில் தடயம்.

இன்னொரு செய்தி. நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாக வரும் போலீஸ் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள்: 'கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்' என்று இருக்கும். பால்ரஸ் என்பது சைக்கிள், மோட்டார் பேரிங்குகளில் இருக்கும் எஃகு உருண்டை. அதாவது, பர்மிங்ஹாம் பரிசோதனைக் கூடங்களில் 'பழைய குழாய்க்குள் எஃகு போடலாமா கூடாதா' என்று நிபுணர்கள் விவாதித்துக்கொண்டிருந்த விஷயத்தை, சைக்கிள் கடை வாசலில் நம்மாட்கள் தங்கள் கையையும் கண்ணையும் பணயம் வைத்துச் செய்து பார்த்துவிட்டார்கள். எந்தச் சுற்றுச்சூழல் சட்டமும் சொல்லி அல்ல. கிடைத்தது அதுதான். அந்தக் குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று யாரும் பரிசோதிக்கவில்லை, முத்திரையும் குத்தவில்லை. வெடித்துப் போனால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்படுவது உரிமம் இருக்கிறதா என்பதாகவே இருக்கும்.

5

ஃபூக்கோ, தாம்ப்சனின் நூல் வெளிவந்த அதே 1975இல், ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். சட்டம் தண்டிப்பது ஒரு செயலை. ஆனால் சிறையும் கண்காணிப்பும் கைப்பற்றுவது ஒரு வாழ்க்கையை. செயலைச் செய்தவர் மறைந்து, 'இப்படிப்பட்டவர்' என்றொரு ஆள் உருவாக்கப்படுகிறார். இந்த வேறுபாட்டை ஈயத்தின் மீது வைத்துப் பார்த்தால் நம் நிலைமை துலங்குகிறது. ஈயக்குண்டுத் தடை ஒரு செயலை நோக்கியது. நம் வேட்டைத் தடை, ஏட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், நடைமுறையில் ஒரு வாழ்க்கையின் மீதே இறங்கியது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் தம் தொகுதிகளில் 'குருவிக்காரன்' என்று ஒரு தலைப்பில் இம்மக்களைப் பதிந்தார். 1970இல் ஸ்ரீனிவாச வர்மா அவர்களின் வாக்ரிபோலி மொழியை ஆராய்ந்தார். அது இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1965இல் லோகூர் குழு இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதைச் செய்தது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு ஆண்டுகள்! பட்டியலில் ஏறிய பெயர்கள் இரண்டு: நரிக்கொறவன், குருவிக்காரன். இந்த முரணைக் கவனியுங்கள். குருவி பிடிப்பதால் வந்த பெயரை அரசு அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது. குருவி பிடிப்பதைக் குற்றம் என்கிறது. பழங்குடிகளுக்காக வந்த 2006இன் வன உரிமைச் சட்டமும் மரபான உரிமைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, 'வேட்டை நீங்கலாக' என்று முடித்துக்கொண்டது. பெயர் உண்டு, பெயருக்குரிய அறிவுக்கு இடமில்லை.

வேட்டையை மீண்டும் திறந்துவிடு என்று நான் கேட்கவில்லை. கழுவேலியில் பறவை குறைந்துவருகிற காலத்தில் அப்படிக் கேட்பது பொறுப்பற்ற ரொமாண்டிசிசம். நான் கேட்பது வேறு. வேட்டைக்காரரை விலக்கியபோது அவரோடு சேர்த்து எதை விலக்கினோம்? எந்தப் பறவை எந்தத் திட்டில் இறங்கும், எந்தப் பள்ளத்தில் அதிகம் சுட்டார்கள், எந்த மடையோரம் குண்டு அதிகம் கிடக்கும் என்று சொல்லக்கூடிய ஆட்களை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பீகாரின் மிர்ஷிகார் சமூகத்து அலி ஹுசைனைப் பறவைக்கு வளையமிடும் பணியில் அமர்த்தியது. பரம்பரையாகப் பறவை பிடித்த கை விஞ்ஞானத்தின் கையானது. அந்தக் கழகத்தோடு பிரிக்க முடியாதவரான சாலிம் அலியே சிறுவயதில் ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியிலிருந்துதான் பறவையியலுக்கு வந்தார். அவர் சுட்டது ஞானத்தின் தொடக்கம். நரிக்குறவச் சிறுவன் சுட்டால் வழக்கின் தொடக்கம். சாதியும் வர்க்கமும் எங்கே நுழைகின்றன என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை உண்டு, அவை பெரிய புரட்சியும் அல்ல. கழுவேலிச் சேற்றில் ஈயம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். எங்கே தோண்டுவது என்பதைப் பழைய வேட்டைக்காரர்களிடம் கேட்டு, கூலி கொடுத்து, அவர்கள் பெயரையும் அறிக்கையில் போட வேண்டும். அடுப்பில் ஈயம் உருக்கிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. வலையில் ஈயம் கட்டுகிற மீனவக் குடும்பங்களுக்கும் அதே பரிசோதனை வேண்டும். அன்னங்கள் சாகின்றன என்று பிரிட்டன் 1987இலேயே தூண்டில்காரர்களின் சிறு ஈய எடைகளைத் தடை செய்தது. ஆனால் இங்கே அதை அப்படியே கொண்டுவந்து மீனவர் தலையில் இன்னொரு குற்றமாகக் கட்டிவிடக் கூடாது. முதலில் மாற்றைக் கொடு, விலையைக் குறை, காலம் கொடு. லண்டன் வேட்டைக்காரனுக்குக் கிடைத்த மரியாதை பொம்மையார்பாளையத்துக்காரருக்கும் மரக்காணத்துக் குருவிக்காரருக்கும் கிடைக்கட்டும்.

கிளம்பும்போது பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஈயம் விஷம், வெறுங்கையால் பிடித்துவிட்டு அப்படியே சாப்பிடாதீர்கள் என்றேன். அவர் கையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "இத்தினி வருசமா ஒருத்தனும் சொல்லலியே தம்பி" என்றார். "வேணாம்னா வேற என்னத்தக் கட்டறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு வருவதுதான் சட்டம். மற்றதெல்லாம் ஆள் பிடிக்கிற வேலை.